பத்து நிமிடக் கடன்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
எல்லாம் கேட்டுத்தான் வாங்கினேன்.
சாக்கெட் ஒன்றா? ஒன்றுதான்.
ராம் சேருமா? சேரும்.
அறுநூற்றைம்பது வாட் போதுமா?
"தாராளமா" என்றார் கடைக்காரர்.
கிராபிக்ஸ் கார்டு நுழையுமா என்று
கேபினெட்டை நூல் பிடித்து அளந்திருந்தேன்.

காத்தாடிகள் சுற்றின.
திரை மட்டும் கறுப்பு.

மதர்போர்டு ஏழு வருடப் பழசு.
புது பிராசஸர் இன்னாரென்று அதற்குத் தெரியாது.
தெரியவைக்க பயாஸை மாற்ற வேண்டும்,
மாற்ற போர்டு விழிக்க வேண்டும்,
விழிக்கப் பழைய பிராசஸர் வேண்டும்.
அதைப்
போன செவ்வாய்தான் விற்றேன்
கோட்டையூர் சிகப்பிக்கு,
இரண்டாயிரத்து நானூறுக்கு.

போனில் நெடுநேரம் சிரித்தாள்.
தன் கணினியை அணைத்துக் கழற்றி
ஸ்கூட்டரில் கொண்டுவந்தாள்.
ஜாமெட்ரி பாக்ஸ்,
காம்பஸ் இருந்த பள்ளத்தில் அது.

ஓர் ஊசிக்கால் பிசகாமல் உட்கார்ந்தது.
திரை வெளுத்தது.
ஏழு சதவீதம், எட்டு...
கரண்ட் போய்விடக் கூடாதென்று
இருவரும் அண்ணாந்து
ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்ரோலுக்கு ஐம்பது வாங்கிக்கொண்டாள்,
மிச்சமிருந்த பேஸ்ட்டையும்.
"இனிமே கேட்டா கிடையாது."

பாக்ஸை மூடுமுன் தொட்டுப் பார்த்தேன்.
சூடு ஆறவில்லை.