பதினேழாவது பொருள்

பழையதைக் காதலிக்கும் ஒருவனுக்குப்
புதிதாய் என்ன வாங்குவது?

அருங்காட்சியகக் கடையில் அரை நாள் நின்றேன்.
ஆப்பெழுத்து அச்சிட்ட காப்பிக் கோப்பை,
வெண்கலக் கோடரி வடிவில் பாட்டில் திறப்பான்,
சதுப்பில் கிடைத்த மனிதனின் முகம் பதித்த
கறுப்புச் சாக்லேட்.
அதை மட்டும் எனக்கென்று வாங்கி
நெற்றியிலிருந்து தின்றுகொண்டே பேருந்தேறினேன்.

கரணை மூன்று வைத்திருக்கிறான் தோர்கில்:
ஒன்று சுவரில், ஒன்று காரில்,
ஒன்று, ஏனென்று கேட்காதீர்கள், கட்டிலடியில்.
போன வருடம் உலோகம் உணரும் கருவி கொடுத்தேன்.
லிம்ஃபியோர் கரையெங்கும் பீர் மூடிகளைக் கண்டெடுத்து
ஆண்டுவாரியாய் அடுக்கி வைத்தான்.
வாரத்தில் ஐந்து நாள் தபால்காரன்;
மீதி இரண்டு நாள் இரும்புக் காலத்தில் குடியிருப்பவன்.

ஆகவே நவம்பரில், அவன் தபால்பை தூக்கிப் போனபின்,
ரோஜாப் புதருக்குப் பின்னால் முழங்கை ஆழம் தோண்டினேன்.
அடியில் பிஸ்கட் டப்பா, அதனுள் நெற்றி விளக்கு.
மேலே மண்.
மார்ச்சில் அறுந்த சைக்கிள் சங்கிலி.
மண்.
ஜூனில் அவன் உடைத்த நீலக் கோப்பை,
கொட்டகையில் நான் கட்டி வைத்திருந்த சில்லுகள்.
மண்.
ஆகஸ்ட்டின் சிப்பி ஓடுகள், பிளம் கொட்டைகள்.
புல்லைத் திரும்பப் போர்த்திவிட்டுக் கை கழுவினேன்.
ஓர் ஆண்டுக்கு இருபது நிமிடம் பிடித்தது.

கிறிஸ்துமஸ் முன்னிரவு,
வாத்து தின்று, மரத்தைச் சுற்றிப் பாடி முடித்து,
வரைபடம் வைத்த உறையை நீட்டினேன்.
கழுத்துத் துணியைக்கூட உருவாமல் தோட்டத்துக்கு ஓடினான்.
மண்வெட்டி பட்டதும்
மண் மணியடித்தது.
அப்படி உறைந்திருந்தது அந்த வருடம்.
கெட்டிலோடு வந்து வெந்நீர் ஊற்றினான்.
அது பனிக்கட்டியாகி இன்னொரு பூட்டுப் போட்டது.
அவன் தங்கை இங்கெலிசே ஜன்னலில் நின்று
“ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருக்கலாம், போடில்” என்றாள்.

ஜனவரியில் பனிமேல் நூல் கட்டிச் சதுரமிட்டான்.
பல் தேய்த்தபடி பார்த்தான். ரொட்டி மென்றபடி பார்த்தான்.
இத்தனை வருடத்தில் நான் கொடுத்த எதையும்
அவன் இத்தனை நாள் பார்த்ததில்லை.
என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் கடைசியில் மண் இளகியது.
ஒன்பது நாள் தோண்டினான்:
கரண்டியால், பல்துலக்கியால், சில இடங்களில் மூச்சால்.
ஒவ்வொன்றுக்கும் எண், ஆழம், உறை.

ஆறாம் நாள் கோப்பையைப் பொருத்திப் பார்த்துவிட்டு,
“ஒரு சில்லும் குறையவில்லை.
அன்றைக்கு நீ நிரம்பக் கோபமாயிருந்திருக்கிறாய்” என்றான்.
ஆமாம் என்றேன்.

ஏழாம் நாள், நீலத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே,
ஒரு சாவி.
தகட்டில் என் கையெழுத்து: மூன்றாம் மாடி, இடப்பக்கம்.
ஆர்ஹுஸில் ஒரு மாதம் வாடகை கட்டி
ஓர் இரவும் நான் தூங்காத வீடு.

கோட்டுப் பையிலிருந்து நழுவியதா, நானே இட்டதா?
நவம்பரில் கை விறைத்திருந்தது.
கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள்.
பூதத்தை வைத்தவளே பக்கத்தில்
காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

பென்சில் முனை ஒடிந்தது. சீவிக்கொண்டு எழுதினான்:
“17. சாவி. பித்தளை. ஆழம் முப்பத்தொன்று.
இந்த வீட்டுக் கதவு எதற்கும் பொருந்தாது.
கோப்பைக்கு முந்தையது.”

முந்தையது.
அதை மட்டும் அடிக்கோடிட்டான்.

ஒன்பதாம் நாள் டப்பா வந்தது.
மின்கலம் கசிந்து பச்சை பூத்திருந்தது.
துடைத்து, புது மின்கலம் போட்டு, நெற்றியில் கட்டி,
இருட்டும்வரை இன்னும் ஒரு சாண் இறங்கினான்.
மஞ்சள் மணல்.
உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தான்.

“இதற்குக் கீழே யாரும் எதையும் வைக்கவில்லை.
இங்கே நிறுத்தலாமா, போடில்?”

நிமிர்ந்து கேட்டான்.
விளக்கு என் முகத்தில் விழுந்ததால்
அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.