காவலாளி மூன்று

லண்டனிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
ஐந்தாவது படத்தில் செத்தவர் நீங்கள்தானே?
ஆமாம். வலெட்டாவுக்கு எதிர்க்கரை, கோட்டைச் சுவர்,
பிப்ரவரி, பேய்க்காற்று.
மூன்று முறை செத்தேன்.
நாலாவதில்தான் தொப்பி சரியாக விழுந்தது.

இருபத்திரண்டு படம் ஓடிவிட்டதாம்.
உளவாளிக்கு மூச்சு வாங்குகிறது,
அதனால் கிளை பிரிக்கிறார்கள்.
அவனுடைய தையல்காரனுக்கு ஒரு தொடர்,
வில்லன் வீட்டுச் சமையல்காரிக்கு ஒன்று,
எனக்கும் எட்டுப் பாகம்.
அந்தக் காவலாளியின் பெயர் என்ன என்று
என்னையே கேட்கிறாள்.
தாளில் எண்தான் இருந்தது, மகளே.

குண்டு பட்டபோது என்ன நினைத்தீர்கள்?
மதியம் முயல்கறி போடுவார்களா என்று.
சிரித்தாள். எழுதிக்கொண்டாள்.
ஒரு மனைவி இருந்ததாக வைக்கலாமா, ஒரு சின்னப் பெண்?

வைக்கலாம். வைத்துப் பார்.
பிறகு அந்தச் சின்னப் பெண் வளர்ந்து
அடுத்த படத்துக்கு டிக்கெட் வாங்குவாள்.
சுட்டுவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி
திரும்பிப் பாராமல் அவன் நடக்கும் இடத்தில்
அரங்கமே கைதட்டும்.
அவளுடைய கைகளை என்ன செய்வாய்?

போனில் கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது,
என் பக்கத்துக் கடல்.
மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஜுஸா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்:
இதிலும் சாகணுமா, சென்சு?
எனக்கு எழுபத்தொன்று, வேறொரு பையன் சாவான்,
எட்டாம் பாகத்தில்.
யாரென்று தெரிந்தால் அவனிடம் சொல்லவேண்டும்,
தொப்பியை இறுக்காதே என்று.