சாவியோடு வைத்த தாள்

அடுத்து வருகிறவருக்கு.
பெயர் தெரியவில்லை.
வீட்டுக்காரர் கவுஸ் பாஷா
வாடகை பேசுவார், குழாய் பேசமாட்டார்.
அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் மோட்டார்.
சுவிட்சைப் போட்டதும் வெறுமனே உறுமினால்
உடனே அணைத்துவிடுங்கள்.
காற்று பிடித்திருக்கும்.
மேல்மூடியைத் திருகி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி
குமிழி அடங்கும்வரை நின்று
பிறகு போடுங்கள்.
இதற்காகத் திம்மராயனைக் கூப்பிட்டால்
முந்நூறு ரூபாய், ஒரு டீ,
அவர் மகளுக்குப் பாலக்கோட்டில்
மாப்பிள்ளை தேடும் கதை.
கதை நன்றாகத்தான் இருக்கும்.

போர் தண்ணீர் உப்பு.
குழாய் வாயில் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டும்.
சுரண்டினால் முலாம் போய்விடும்.
பிழிந்த எலுமிச்சை மூடியைக்
குழாய் மூக்கில் கவிழ்த்து
ரப்பர் பேண்ட் போட்டு
ராத்திரி முழுக்க விடுங்கள்.
காலையில் பழைய டூத் பிரஷ் போதும்.
ஐந்து வருடத்தில் இந்த வீட்டில்
நான் ஜெயித்த ஒரே சண்டை.

ஹாலில் காலண்டருக்குப் பின்னால்
எவர்சில்வர் டம்ளர் விளிம்பு அளவுக்கு
ஒரு பள்ளம்.
யார் எறிந்தது என்பது
இப்போது யாருக்கும் வேண்டாம்.
பள்ளத்தை நனைத்து
வெள்ளை சிமெண்டைக் கெட்டியாய்க் குழைத்து
ஒரேயடியாய் அப்பாமல்
இரண்டு தடவையாய்ப் பூசி
காய்ந்தபின் உப்புத்தாள் தேய்க்க வேண்டும்.
எனக்கு முறை தெரியும்.
காலண்டர் மாட்டினேன்.

கிருஷ்ணகிரி வெயிலைச் சொல்லவேண்டியதில்லை.
ஆனால் ராத்திரியைச் சொல்லவேண்டும்.
பகலெல்லாம் குடித்த சூட்டை
மலைப்பாறை பத்து மணிக்குமேல்
நம் பக்கம் பார்த்து ஊதும்.
மாசி முடிவதற்குள் மொட்டைமாடியைக் கழுவி
கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள்.
சாயங்காலமாய் அடியுங்கள், கண் கூசும்.
வீட்டின்மேலிருந்து ஒரு கம்பளியை
உருவின மாதிரி இருக்கும்.

தோட்டம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
துவைகல்லுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே
பன்னிரண்டடி.
கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட
துண்டுகளால் வரப்பு.
செம்பருத்தியில் பஞ்சு ஒட்டின மாதிரி தெரிந்தால்
அது மாவுப்பூச்சி.
ஒரு லிட்டர் தண்ணீருக்கு
ஒரு மூடி வேப்பெண்ணெய்,
அது கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல்.
இலையின் முதுகில் அடிக்க வேண்டும்,
வெயில் இறங்கினபிறகு.
எறும்பு வரிசையையும் பாருங்கள்.
பூச்சிக்குக் காவல் அதுதான்.
மல்லிகையை மார்கழியில்
முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள்.
நான் பாவம் பார்த்த வருடம்
வெறும் இலைதான் வந்தது.

அப்புறம் மா.
செந்தூரா. சந்தூரில் வாங்கின ஒட்டுக்கன்று.
ஒட்டுக்குக் கீழே துளிர்விட்டால் கிள்ளிவிடுங்கள்,
அது வேறு மரம்.
மூன்று வருடம் பூவை உதிர்த்துவிடச் சொன்னார்கள்,
வேர் பிடிக்கட்டும் என்று.
இரண்டு வருடம் உதிர்த்தேன்.
போன தையில் ஒரு கொத்தை மட்டும்
பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன்.
ஒரு காய் நின்றது.
பழுத்த அன்று அணில் பாதி, நான் பாதி.
அணில் கடித்த பக்கத்தை
அறுத்தெறிந்துவிட்டுத் தின்றேன் என்று
ஆபீஸில் சொன்னேன். பொய்.

வரும் தையில் தாராளமாய்க் காய்க்க விடலாம்.
நான் அப்போது திருவாரூர்க் கருவூலத்தில்
பட்டியல்களுக்கு நடுவே இருப்பேன்.
பழம் அனுப்ப வேண்டாம்.
பூத்ததா என்று மட்டும்...
எண் பின்பக்கம் இருக்கிறது.
அவசரமில்லை.

மறந்துவிட்டேன், முன்கதவு.
மழைக்கு ஊதிக்கொள்ளும்.
அடிவிளிம்பில் மெழுகுவர்த்தி தேய்த்தால் பிடிக்காது.
சாவியைப் போட்டு
கைப்பிடியை லேசாய்த் தூக்கி
இடப்பக்கம் திருப்புங்கள்.
இழுத்தால் வராது.
உதைத்தாலும் வராது.
இரண்டும் செய்து பார்த்தாயிற்று.