மூட்டைக்குள் கை

தெலுவின் மூட்டைக்குள்
முழங்கைவரை கைவிட்டேன்.
சூடு,
காய்ச்சல் பிள்ளையின் அக்குள்போல.
ஜனவரி விடியல், தெஸ்ஸாவா.
புழுதிக் காற்றில் ஆடுகளே நடுங்குகின்றன;
தட்டைப்பயறுக்கு மட்டும்
எங்கிருந்து வந்தது வெயில்?

சாக்கில் காதை வைத்தேன்.
மணல்மேல் விழும் தூறலின் ஓசை.
மழை போய் மூன்று மாதமான ஊரில்
அது நல்ல ஓசை அல்ல.

வெளியே எடுத்த கையில் மாவு.
மணிக்கட்டில் இரண்டு வண்டு,
ஒன்றின்மேல் ஒன்று.
வளர்ந்த வண்டு எதையும் தின்பதில்லை.
பிள்ளைப் பருவத்திலேயே தின்று தீர்த்துவிடுகிறது,
உள்ளே, இருட்டில்,
நம் கணக்கில்.

என் வீட்டு மூட்டை குளிர்ந்திருந்தது.
அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபரில் லவாலி
எல்லைக்குச் சரக்கேற்றப் போன அன்று
பாயில் கொட்டினேன், பத்துப் பத்துத் தியாவாக.
கடலை எண்ணெயைக் கரண்டியால் தெளித்து
உள்ளங்கையால் பிசறினேன்
ஒவ்வொரு மணிக்கும் நெற்றி மினுங்கும்வரை.
தோலில் ஒட்டிய முட்டை
உப்புத்தூள் அளவு.
அதற்கும் ஒரு மூச்சு இருக்கிறது.
அதைத்தான் அடைத்தேன்.

பதினாறு நாள் அடுப்பில் எதுவும் பொரியவில்லை.
"போத்தல் எங்கே?" என்றான் திரும்பி வந்தவன்.
"கவிழ்ந்துவிட்டது."
தரையைக் குனிந்து பார்த்தான்.
"ஓர் எறும்புகூட வரவில்லையே."
அதற்குமேல் கேட்கவில்லை;
அவித்ததைத் தின்றுவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஜூனில் தியா ஆயிரத்து ஐந்நூறு பிராங்க்.
அறுவடையில் எழுநூறுக்குக்
கெஞ்சி விற்றார்கள் இதே சந்தையில்.
தரகர் தாங்கோ ஒரு பிடி அள்ளினார்.
"பயறு ஏன் மினுக்குகிறது?
மினுக்கினால் எதையோ மறைக்கிறது."
ஒன்றைக் கடித்தார், பிளந்து வெயிலில் பிடித்தார்,
தியாவுக்கு நூறு குறைத்தார்.

"கையை விடுங்கள்" என்றேன்.
விட்டார், முழங்கைவரை.
வெளியே தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் வெயில்.
கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

நூறும் திரும்பி வந்தது.

வரும் வழியில் எண்ணெய் வாங்கினேன்,
ஒரு லிட்டர், பழைய போத்தலின் இடத்தில் வைக்க.
தெலு வாசலில் சலித்துக்கொண்டிருந்தாள்.
புல்லாங்குழல்போல் துளை துளையாய் மணிகள்;
ஊதினால் பறந்தன.
ஆடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

போத்தலைப் பார்த்தாள்,
என் கையைப் பார்த்தாள்.
"பத்துத் தியாவுக்கு எத்தனை கரண்டி?"

ஜனவரியில் சொல்லியிருந்தாலும் பயனில்லை;
உள்ளே புகுந்துவிட்டதை எண்ணெய் தொடாது.
இதைப் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன் எனக்கு.

"எட்டு" என்றேன்.
எட்டு மாதம் கழித்து.