குறிப்புகள் என்னும் கட்டம்

சுவைக் தாண்டிய மண்சாலையில்
ஏசி ஓடாத பிக்கப்.
பின்னால் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள் எட்டு,
மடியில் உப்புமானி,
டாஷ்போர்டில் மூன்று தாள் படிவம்.
உதவி இலவசம்:
விவசாயிக்கு, நிலக்காரருக்கு, குடியிருப்போருக்கு
என்று தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறது.

கல்ஃபான் பின் ஹுமைத் தோட்டம். கிணறு எண் இரண்டு.
கடல் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்.
மேலே வந்திருந்தால் ஊரே பார்த்திருக்கும்.
அது அடியில் வருகிறது,
பம்பு உறிஞ்ச உறிஞ்ச,
அழைத்த வீட்டுக்கு வருவதைப் போல.
கிணற்று நீரை வெள்ளமா கொண்டுபோகும் என்று
முதலில் கேட்டவர்
பாத்தினாக் கரைக்கு வந்ததில்லை.

கல்ஃபான் மஸ்கட்டில் இருக்கிறார்.
போனில் நல்ல மனிதர்.
எல்லாவற்றுக்கும் சம்மதம், எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார்.
எலுமிச்சை எப்படி இருக்கிறது என்கிறார்.
எலுமிச்சை போன வருடமே விறகு.
பேரீச்சை பரவாயில்லை சார் என்கிறேன்.

போன வருடம் நாங்கள் தந்த குழாய்
ஆட்டுப்பட்டிக்கு வேலியாகியிருந்தது.
ஒரு துண்டில் லுங்கி காய்கிறது.
கோபத்தோடு திரும்பினேன்.
மொஃபிஸ் ஒன்றும் பேசாமல்
ஒரு துண்டை நீளவாக்கில் கீறி நீட்டினான்.
உள்ளே சொட்டுவாய் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக,
பல்லில் காரை பிடித்தாற்போல், உப்பு.
ஃபில்டர் இல்லாமல் கொடுத்தது நாங்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பம்பறைச் சுவரில் கரிக்கோடுகள்.
கடன் கணக்கு என்று நினைத்தேன்.
வெள்ளிக்கிழமைதோறும் நாக்கில் ஒரு சொட்டு:
ஒரு கோடு என்றால் டீ போடலாம்.
இரண்டு, சோறு வடிக்கலாம்.
மூன்று, ஆடு குடிக்கும்.
பெருக்கல் குறி போட்டால்
ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
நோவாகாளியிலிருந்து வந்து ஒன்பது வருடம்;
சுவரில் நான்கு வருடம் இருக்கிறது.
இதே கிணற்றுக்கு எங்கள் கோப்பில்
இரண்டே இரண்டு அளவுகள்.

மானியை இறக்கினேன். ஏழு புள்ளி எட்டு.
அவன் நக்கிப் பார்த்தான்.
மூணு, ஆனால்
ஆடு கொஞ்சம் யோசிக்கும், என்றான்.

கோடுகள் ஓரிடத்தில் மூன்றிலிருந்து இரண்டாக இறங்கியிருந்தன.
அப்படியே ஐந்து மாதம்.
என்ன நடந்தது?
வாசலைப் பார்த்தான், என் போனைப் பார்த்தான்.
ராத்திரி பம்பு ரிப்பேர் என்று
முதலாளியிடம் சொல்லியிருந்தானாம்.
ரிப்பேர் இல்லை.
கிணறு தூங்கட்டும் என்று விட்டானாம்.
அப்புறம் ஒரு நாள் மெக்கானிக் வந்துவிட்டார்.

படிவத்தைப் புரட்டினேன்.
நிலக்காரர்: பத்திர எண்.
விவசாயி: அட்டை எண்.
குடியிருப்போர்: மின்கட்டண ரசீது.
வால்வைத் திறப்பவன், மூடுபவன் என்று
ஒரு கட்டம் இல்லை.
கடைசியில் குறிப்புகள் என்று இரண்டு வரி.
அதில் சுவரை எழுதத் தொடங்கினேன்,
இடம் போதாமல் தாளின் முதுகுக்குப் போனேன்,
டீ, சோறு, ஆடு, யோசிக்கும் ஆடு, எல்லாம்.
இரவில் பம்பை நிறுத்தினால் பலன் உண்டு என்றும் எழுதினேன்.
யார் நிறுத்தினார்கள் என்பதை மட்டும்
எழுதவில்லை.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஸுவைனா மேடம்:
ஆடு என்பது என்ன அலகு?
சிரிக்கிறாரா என்று கவனித்தேன்.
இல்லை. பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

ஃபில்டர் வந்தது, ஒன்றரை மாதம் கழித்து.
ரசீதில் கல்ஃபான் பெயர்.
இரவு பம்புக்கு டைமர் வந்தது, அதுவும் அவர் பெயரில்.
பட்டியின் வேலியை மொஃபிஸ் கழற்றவில்லை.
புதுக் குழாயும் அடைத்தால்
ஆட்டுக்கு அதுவாவது மிஞ்சும் என்கிறான்.

வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில்
சுவரின் படம் ஒன்று அனுப்புகிறான், வார்த்தை இல்லாமல்.
நேற்று வந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மூன்று கோடு. மூன்றாவது
கரி தீர்ந்தாற்போல் பாதியில் நிற்கிறது.