காரணம் என்ற கட்டம்

தேவகோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே என் கடை.
டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்.
பங்காளி வழக்குகளால் பிழைக்கிறேன்.
பதினாறில் ஒரு பங்குக்கு உரியவர்
கோலாலம்பூரிலிருந்து வந்து வளவில் நின்றால்
என்ன சொல் போடுவதென்று எனக்குத் தெரியும்.
முதல் வருஷம் மனஸ்தாபம்,
பிறகு தகராறு,
சாவிக்கொத்தை யாராவது வீசியிருந்தால் கைகலப்பு,
ரத்தம் வந்தால் மட்டும் அடிதடி.
அதற்கு மேலே படி உண்டென்று
தவமலர் வரும்வரை நினைத்ததில்லை.

முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்,
மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக.
பெயர். கணவர் பெயர், பக்கத்தில் 'காணவில்லை'.
அப்புறம் அந்தக் கட்டம்:
நாட்டைவிட்டு வந்த காரணம்.

"அடிபாடு" என்றார்.
அடிதடியா என்றேன்.
"இல்லைப் பிள்ளை. அடிபாடு. ஷெல் வாறது."
"போர்னு போட்டுரவா?"

பக்கத்து லாட்ஜுக்காக ரோட்டோரம்
லாரி துளைத்துக்கொண்டிருந்தது.
"போர் எத்தனை அடி?" யாரோ கத்தினார்கள்.
"நானூத்தி இருவது. இன்னும் புகைதான்."
என் கீபோர்டுவரை வெள்ளைத் தூசி.
லாரியின் விலாவில் முழ உயரத்துக்கு
அந்த எழுத்துகளையே பார்த்தவர்
"இஞ்ச அதைத் தண்ணிக்கெல்லோ போடுறீங்கள்" என்றார்.

வைக்கோலுக்கும் அதுதான்.
லீவு நாளெல்லாம் என் மகன் அடித்துக்கொள்வதும் அதுதான்.

பத்தாம் வகுப்பில் பூக்களாகப் படித்தேன்:
மாடு கவர வெட்சி, மீட்கக் கரந்தை,
மதிலை வளைக்க உழிஞை, காக்க நொச்சி,
ஜெயித்தால் வாகை. இரண்டு மார்க்.
தோளில் பிள்ளையும் கையில் கூப்பன் மட்டையுமாக
ஓடுகிறவளுக்கு எந்தப் பூ என்று
கேள்வித்தாள் கேட்கவில்லை.

"போர் எண்டது ரேடியோச் சொல்லு.
அறிவிச்சுத் துவங்கும், அறிவிச்சு முடியும்.
அடிபாடு கிட்டக் கேக்கும், தூரக் கேக்கும்.
அவ்வளவுதான்."
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா அதிகாரிக்கு விளங்கோணுமே.
போரெண்டே போடுங்கோ."

போட்டேன்.
கட்டம் குறுகல், பிரிண்டர் பழசு.
கடைசி எழுத்து வெட்டுப்பட்டு வந்தது தாள்.
வந்த காரணம்: போ.

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் தாளை எட்டப் பிடித்து வாசித்தார்.
"சரியாத்தான் இருக்கு.
ஆர் சொன்னதெண்டுதான் போடேல்லை."
சிரித்தாரா, தெரியாது.
லாரி அந்த நேரம் கல்லைத் தொட்டுவிட்டது.

எழுத்தைச் சிறிதாக்கி இன்னொன்று எடுத்தேன்.
பழைய தாளையும் கேட்டு வாங்கி
நான்காக மடித்துப் பையில் வைத்தார்.
வேண்டாமென்றும் இரண்டுக்கும் காசு கொடுத்தார்.

அவர் எழுந்த நாற்காலியில்
வியர்வை துடைத்தபடி உட்கார்ந்தார் அடுத்தவர்.
"எங்க வீட்ல யுத்தமே நடக்குதுங்க,
அப்படியே அடிச்சிருங்க."

மனஸ்தாபம் என்று அடித்தேன்.