கோட்டை உடைந்துவிட்டது

மணிக்குப் பன்னிரண்டு யூரோ.
பேக்கரியில் இரவு வேலை முடித்து
முழங்கையில் மாவோடு வந்து படுத்தேன்
லைப்சிக்கின் அந்த வெள்ளைக் குழாய்க்குள்.
மோதிரத்தையும் பெல்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு
"அசையாதீர்கள், திரு. இராசநாயகம்" என்றாள் ஹென்றிக்கே.
தலைக்கு மேல் யாரோ
தகரக் கூரையில் ஆணி அறையத் தொடங்கினார்கள்.

கண்ணெதிரே சொற்கள், இரண்டிரண்டாய்.
சேர்ந்தால் வலது பொத்தான், சேராவிட்டால் இடது.
ரொட்டி, வெண்ணெய்:
விரல் எனக்கு முன்பே அழுத்திவிட்டது.
ஷ்லோஸ், அரசன்: அதுவும்.
ஷ்லோஸ், திறப்பு:
விரல் நின்றது.

ஒரு கோட்டையை முழுதாய்,
கொடிக்கம்பம் அகழியோடு,
அப்பால் தள்ளிய பிறகுதான்
ஒரு பூட்டு உள்ளே வர முடிந்தது.

வந்த முதல் பனிக்காலம்
வீட்டுக்காரி ஃபிராவ் ஹெம்பல்
மாடிப்படியில் நின்று சொன்னாள்,
ஷ்லோஸ் உடைந்துவிட்டதென்று.
பாவம், எந்த ராஜாவினதோ எனத்
தலையாட்டிவிட்டு
அன்றிரவு பூட்டாத கதவுக்குப் பின்னே
நிம்மதியாய்த் தூங்கியவன் நான்.

வெளியே வந்ததும் திரையில் ஒரு மூளை.
என்னுடையது இல்லையாம்.
முன்பு வந்த முப்பது பேரின் சராசரி.
"இதோ, இடப்பக்கம், நெற்றிக்குப் பின்னால்.
தயங்கும்போது இங்கே வேலை கூடுகிறது.
அர்த்தங்கள் இருப்பது ஒரு பக்கம்.
இப்போதைக்கு எது என்று பொறுக்குவது
வேறொரு கூட்டம்."

உங்கள் மொழியில் இப்படி உண்டா என்றாள்.
ஆறு, என்றேன்.
நதி. ஐந்துக்கு அடுத்தது. கொதிப்பவனுக்குச் சொல்வது.
எதுவென்று எப்படித் தெரியும்?
அவள் கையில் தேத்தண்ணி, ஆவி பறந்தபடி.
அது சொல்லும், என்றேன்.

சனிக்கிழமை ஊவெயைப் பார்க்கப் போனேன்.
பக்கவாதம் வரும்வரை
எங்கள் போறணைக்கு அவர்தான் பொறுப்பு.
இப்போதும் புளித்த மாவை மோந்தே
எத்தனை நாள் என்று விரல் காட்டுவார்.
வீட்டு வாசலில் சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுத்தவர்
கையிலிருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"அரசன்" என்றார்.
இல்லை என்று அவருக்கே தெரிந்தது.
மறுபடி "அரசன்." காது சிவந்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை.
அந்த வழியாய் நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.
சொல்லின் தலையை மட்டும் நீட்டினேன்:
ஷ்லு...
"ஷ்லுஸெல்!"
திறப்பு, திறப்பு என்று மூன்று தரம் சொல்லித்
துவாரத்தில் நுழைத்தார்.

கதவு திறந்ததும்
உள்ளே வா என்பதற்குச் சொல் தேடாமல்
ஒதுங்கி நின்று, இடுப்பை வளைத்து,
அரண்மனைக் காவலன் மாதிரி
கையை மட்டும் வீசிக் காட்டினார்.